மிருகத்தின் மகன்: ஒரு மர ரோலர் கோஸ்டர் ஏன் நின்றுபோனது?

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், சின்சினாட்டி நகருக்கு வடக்கே மேசன் என்று ஓர் ஊர். அங்கே இருக்கும் கிங்ஸ் ஐலண்ட் தீம் பார்க்குக்கு 2009 கோடைக்கும் 2012 கோடைக்கும் நடுவில் போனவர்கள் ஒரு விசித்திரமான காட்சியைப் பார்த்திருப்பார்கள். ஏறத்தாழ இருபது மாடி உயரத்துக்கு மரச் சட்டங்களை அடுக்கி, குறுக்கும் நெடுக்கும் போல்ட் போட்டு முடுக்கிய பிரம்மாண்டமான ரோலர் கோஸ்டர் ஒன்று அங்கே நின்றது. ஏற்றம், இறக்கம், வளைவு எல்லாம் அப்படியே இருந்தன. ரயில் மட்டும் ஓடவில்லை. மூன்று வருடம் அது அப்படியே வெயிலிலும் பனியிலும் நின்றுகொண்டிருந்தது. அதன் பெயர் ‘சன் ஆஃப் பீஸ்ட்’. தமிழில் சொன்னால் மிருகத்தின் மகன்.

உலகில் இதுவரை கட்டிய மர ரோலர் கோஸ்டர்களிலேயே உயரமானது அதுதான். 2000-ல் திறந்தார்கள், 2009-ல் நிறுத்தினார்கள், 2012-ல் இடிக்கத் தொடங்கினார்கள். நடுவில் 2006-ல் ஒரு பெரிய விபத்து. அந்த விபத்துதான் அதன் கதையை முடித்தது என்று பலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. விபத்து ஒரு நாளில் வெளியே தெரிந்தது, அவ்வளவுதான். அதற்கான காரணம் ஒவ்வொரு ஓட்டத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துகொண்டிருந்தது. அது என்ன என்று புரிய வேண்டுமானால், மரத்தின்மேல் ஒரு ரயில் எப்படி ஓடுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

மரத் தடம் என்றால் என்ன?

மர ரோலர் கோஸ்டர் என்றதும் நம் கண்ணில் படுவது அந்தத் தூண்களின் காடு. ஆனால் ஒரு ரோலர் கோஸ்டரை மரம் என்றோ இரும்பு என்றோ பிரிப்பது தூண்களை வைத்து அல்ல, ரயில் ஓடும் தடத்தை வைத்துத்தான். இரும்புத் தூண்கள்மேல் மரத் தடம் ஓடும் கோஸ்டர்களும் உண்டு. அவையும் மரக் கோஸ்டர் கணக்கில்தான் சேரும்.

மரத் தடத்தை இப்படிச் செய்வார்கள்: நீளமான பலகைகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஏழெட்டு அடுக்கு வைத்து, வளைத்து, ஆணியும் போல்ட்டும் அடித்து இறுக்குவார்கள். மேல் அடுக்குகள் கீழ் அடுக்குகளைவிட அகலமாக, உள்பக்கம் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். கடைசியாக, சக்கரம் படும் இடத்தில் மட்டும் ஒரு மெல்லிய இரும்புப் பட்டையைப் பதிப்பார்கள். நம் மாட்டு வண்டிச் சக்கரம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். சக்கரம் மரம், தரையில் உரசும் விளிம்புக்கு மட்டும் இரும்புப் பட்டை. அதையே தலைகீழாக்கி, தடத்துக்குப் பட்டை கட்டியது போலத்தான் இதுவும்.

ரயிலுக்கு மூன்று வகைச் சக்கரங்கள் இருக்கும். எடையைத் தாங்கி மேலே உருளுவது ஒன்று. பக்கவாட்டில் தடத்தைப் பிடித்து வழிநடத்துவது ஒன்று. மூன்றாவது, தடத்தின் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிக்கு அடியில் ஓடுவது. மேட்டைத் தாண்டும்போது ரயில் மேலே எழும்பிப் பறந்துவிடாமல் பிடித்துவைப்பது இந்த மூன்றாவதுதான். அமெரிக்க வடிவமைப்பாளர் ஜான் மில்லர் 1919-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். இது வந்த பிறகுதான் செங்குத்தான இறக்கம் என்பதே சாத்தியமாயிற்று.

எஞ்சின்? கிடையாது. ஒரு சங்கிலி ரயிலை முதல் ஏற்றத்தின் உச்சிக்கு இழுத்துப்போய் விட்டுவிடும். அதற்கப்புறம் எல்லாமே புவியீர்ப்புதான். எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறதோ அவ்வளவு வேகம். ஏற்றத்தில் போகும்போது ‘டக் டக் டக்’ என்று ஒரு சத்தம் கேட்குமே, அது சங்கிலி அறுந்தாலும் ரயில் பின்னால் உருண்டுவிடாமல் தடுக்கும் கொக்கி, பல் பல்லாக விழும் சத்தம்.

மரம் சும்மா இருக்காது

இரும்பை ஒரு முறை வளைத்துப் பொருத்திவிட்டால் பல வருடம் அப்படியே கிடக்கும். மரம் அப்படியில்லை. ஐப்பசி மழையில் வீட்டு வாசல் கதவு நிலையோடு இறுகிப்போய், தோளால் இடித்துத் திறக்க வேண்டியிருக்கும். பங்குனி வெயிலில் அதே கதவு ஆடும். தண்ணீரைக் குடித்தால் மரம் உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஒஹையோ மாதிரி குளிர் நாட்டில், மரத்துக்குள் ஊறிய ஈரம் பனிக்காலத்தில் உறைவதும் உருகுவதும் வேறு. ஒவ்வொரு முறையும் ஆணி பிடித்திருக்கும் இடம் இம்மியளவு தளரும்.

அதனால்தான் மரக் கோஸ்டர் உள்ள எந்தப் பார்க்கிலும் காலையில் கதவு திறப்பதற்கு முன்பே ஆட்கள் அந்தத் தடத்தின்மேல் ஏறி நடந்துபோவார்கள். கையில் சுத்தியலும் ஸ்பேனரும் இருக்கும். தளர்ந்த போல்ட்டை முடுக்கி, மேலே எழும்பிய ஆணியை அடித்து, விரிசல் விட்ட பலகையைக் குறித்துவைப்பார்கள். குளிர்காலத்தில் பார்க் மூடியிருக்கும்போது, நைந்துபோன பகுதிகளைப் பிரித்தெடுத்து புதுப் பலகை அடுக்குவார்கள். நம் ஊரில் ஓட்டு வீட்டுக்கு வருடா வருடம் ஓடு மாற்றுவதைப் போல, முடிவே இல்லாத வேலை அது.

மரத்தின் இந்த நெகிழ்வு குறை மட்டுமல்ல. ரயில் வளைவில் பாயும்போது அந்த முழுக் கட்டமைப்பும் லேசாக ஆடும், ஆட வேண்டும். விறைத்து நின்றால் முறிந்துபோகும். அந்த ஆட்டமும், அதன் கடகடவென்ற சத்தமும், தடம் எந்த நேரமும் கழன்றுவிடுமோ என்ற அந்தப் பொய்யான பயமும்தான் மரக் கோஸ்டரின் தனிச் சுவை. வழுக்கிக்கொண்டு போகும் இரும்புக் கோஸ்டரில் அது கிடைக்காது.

குழி எப்படிப் பிறக்கிறது?

இனிதான் முக்கியமான இடம். இதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

ரயில் ஓர் இறக்கத்தின் அடிவாரத்துக்கு வந்து மறுபடி மேலே திரும்பும்போது, நம்மை யாரோ இருக்கையோடு சேர்த்து அழுத்துவது போல இருக்கும். அந்த நேரத்தில் நம் உடல் இரண்டு, மூன்று மடங்கு கனக்கிறது. நாம் மட்டுமல்ல, ரயிலும் அப்படித்தான். பத்து டன் ரயில் என்று வைத்துக்கொண்டால், மூன்று மடங்கில் அது தடத்தின்மேல் முப்பது டன்னாக இறங்கும். அதுவும் ஒரே இடத்தில், ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை.

சக்கரம் படும் அந்த இடத்தில் பலகை அடுக்கு இம்மியளவு நசுங்குகிறது. அடுத்த ரயில் வரும்போது சக்கரம் அந்த இம்மிப் பள்ளத்தில் இறங்கி ஏறுகிறது. இறங்கி ஏறினால் ஒரு குத்து. அந்தக் குத்து பள்ளத்தை இன்னும் கொஞ்சம் ஆழமாக்குகிறது. ஆழமான பள்ளம் அடுத்த குத்தைப் பலமாக்குகிறது. தார் சாலையில் சின்னக் குழி விழுந்ததும் நாம் பார்ப்பதுதானே. சரியாக அந்தக் குழியில் லாரி இறங்கி ஏறி இறங்கி ஏறி, ஒரே மழைக்காலத்தில் அது தொட்டியாகிவிடும். குழி குழியை வளர்க்கும்.

பக்கவாட்டிலும் இதே கதைதான். சக்கரத்துக்கும் தடத்துக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் ரயில் சிக்கிக்கொள்ளும். தடம் தேயத் தேய அந்த இடைவெளி பெருகி, ரயில் இடமும் வலமும் மோதிக்கொண்டே ஓடும். உட்கார்ந்திருப்பவருக்கு அது முதுகிலும் கழுத்திலும் தெரியும்.

இதில் இரண்டு விஷயங்கள் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன: ரயிலின் எடை, அதன் வேகம். எடை இரண்டு மடங்கானால் அடியும் இரண்டு மடங்கு. வேகம் இரண்டு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்கு. உயரத்தைக் கூட்டும் ஒவ்வோர் அடிக்கும் மரம் வட்டியோடு விலை கொடுக்கிறது என்பது இதனால்தான்.

அப்பன் மிருகம்

மகனைப் பார்ப்பதற்கு முன் அப்பனைப் பார்த்துவிடலாம். கிங்ஸ் ஐலண்டில் ‘தி பீஸ்ட்’ 1979-ல் திறந்தது. வெளியாள் யாரிடமும் கொடுக்காமல், பார்க் தன் ஆட்களை வைத்தே வடிவமைத்துக் கட்டியது. நீளம் இப்போது 7,361 அடி, அதாவது சுமார் இரண்டேகால் கிலோமீட்டர். உலகின் மிக நீளமான மரக் கோஸ்டர் என்ற பெயர் இன்றும் அதற்குத்தான்.

ஆனால் அதன் ஏற்றம் 110 அடிதான். அவ்வளவு நீளம் ஓடத் தேவையான இறக்கம் எங்கிருந்து வந்தது என்றால், நிலத்திலிருந்து. பார்க்கின் அந்தப் பகுதி மேடும் பள்ளமுமான காடு. தடத்தைப் பள்ளத்தாக்குகளுக்குள் இறக்கி, மரங்களுக்கு நடுவே ஓடவிட்டு, நிலத்தின் சரிவையே இறக்கமாக்கிக்கொண்டார்கள். பல இடங்களில் தடம் தரையை ஒட்டியே போகிறது. உயரமான தூண் வேண்டாம், அதனால் ஆட்டமும் குறைவு. வேகம் மணிக்கு 65 மைல், சுமார் 105 கிலோமீட்டர். வழியில் பிரேக்கும் உண்டு. நான்கு தசாப்தங்களுக்கு மேலாக அது ஓடிக்கொண்டிருக்கிறது.

மகன்

1990-களின் கடைசி, ரோலர் கோஸ்டர் உலகத்தில் போட்டிக் காலம். யார் உயரம், யார் வேகம் என்று ஒவ்வொரு பார்க்கும் சாதனையைத் துரத்தியது. கிங்ஸ் ஐலண்ட் அப்போது பாரமவுண்ட் நிறுவனத்தின் கையில் இருந்தது. தி பீஸ்ட்டின் புகழ் இருக்கும்போது அதற்கு ஒரு வாரிசு என்ற யோசனை யாருக்கும் வரும்.

வாரிசுக்கு அவர்கள் தீர்மானித்த அளவுகளைப் பாருங்கள். உயரம் 218 அடி. முதல் இறக்கம் 214 அடி. வேகம் மணிக்கு 78 மைல், அதாவது 125 கிலோமீட்டர். நீளம் 7,032 அடி. 200 அடியைத் தாண்டிய முதல் மரக் கோஸ்டர் அது. அப்பனை நீளத்தில் மட்டும் மகன் மிஞ்சவில்லை.

வேகத்தை மட்டும் ஒப்பிடுங்கள். 65-லிருந்து 78. கேட்க ஐந்தில் ஒரு பங்குதான் கூடியது போலத் தெரியும். ஆனால் ஆற்றல் கணக்கில் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. தடத்தின்மேல் ஒவ்வொரு கிலோவும் ஒன்றரை மடங்கு ஆற்றலோடு பாய்கிறது. மரமோ அதே மரம்.

இது போதாதென்று ஒரு லூப்பையும் வைத்தார்கள். ரயில் தலைகீழாகி ஒரு முழுச் சுற்று சுற்றி வரும் வளையம். மரக் கோஸ்டரில் நவீன காலத்தில் யாரும் செய்யாதது. அந்த வளையத்தைத் தாங்கி நின்றது மரமல்ல, இரும்பு. லூப் என்பதே ரோலர் கோஸ்டர் வரலாற்றில் வலி தந்த விஷயம். 1895-ல் நியூயார்க்கின் கோனி ஐலண்டில் ‘ஃப்ளிப் ஃப்ளாப் ரயில்வே’ என்று ஒன்று வந்தது. அதன் வளையம் சரியான வட்டம். வட்டத்துக்குள் நுழையும் அந்த ஒரு நொடியில் பாரம் சட்டென்று ஏறி, ஏறியவர்களின் கழுத்தைப் பதம் பார்த்தது. பின்னால் வந்தவர்கள் வளையத்தை நீர்த்துளி வடிவத்தில், கீழே அகலமாகவும் மேலே குறுகலாகவும் வளைக்கக் கற்றுக்கொண்டார்கள். பாரம் படிப்படியாக ஏறும். 1976-ல் கலிஃபோர்னியாவில் திறந்த ‘ரெவல்யூஷன்’ என்ற இரும்புக் கோஸ்டரிலிருந்து அதுவே வழக்கமாயிற்று.

சன் ஆஃப் பீஸ்ட்டின் லூப்பில் ஏறியவர்கள் அதைப் பற்றிக் குறை சொன்னதாகக் கேட்பது அரிது. உண்மையில் முழுச் சவாரியிலும் வழுக்கிக்கொண்டு போன இடம் அதுதான் என்று பலர் சொல்வார்கள். லூப்பின் விலை வேறு இடத்தில் இருந்தது. அந்த லூப்போடு சேர்ந்து வந்தது கனமான ரயில். லூப்புக்காக வந்த அந்தக் கனம், லூப் இல்லாத மீதி இரண்டு கிலோமீட்டர் மரத்தையும் ஒவ்வொரு சுற்றிலும் அடித்தது.

ஆக, இதுவரை யாரும் போகாத உயரம், யாரும் போகாத வேகம், அதன்மேல் கனத்த ரயில். மேலே சொன்ன குழிக் கணக்கை இதில் போட்டுப் பாருங்கள். முதல் வருடத்திலிருந்தே சவாரி முரட்டுத்தனமானது என்ற பேச்சு எழுந்துவிட்டது.

ஜூலை 9, 2006

அந்தக் கோடையில் பார்க் கைமாறியிருந்தது. பாரமவுண்ட்டிடமிருந்து சீடர் ஃபேர் என்ற நிறுவனம் ஜூன் 30 அன்று வாங்கியது. பத்து நாள்கூட ஆகவில்லை. ஜூலை 9, ஞாயிற்றுக்கிழமை. சன் ஆஃப் பீஸ்ட்டில் ஒரு பெரிய சுருள் வளைவு உண்டு. ரயில் சாய்ந்தபடியே சுற்றிச் சுற்றி வரும் இடம், அதை ‘ரோஸ் பௌல்’ என்று அழைத்தார்கள். அங்கே தாங்கும் மரச் சட்டம் ஒன்று விரிசல் விட்டது. தடம் அந்த இடத்தில் தாழ்ந்தது. அதன்மேல் வந்த ரயில் பள்ளத்தில் இறங்கியது போல் பலமாக அதிர்ந்தது. 27 பேருக்குக் காயம். பெரும்பாலும் நெஞ்சிலும் கழுத்திலும் வலி. ரயில் தடத்தைவிட்டு விலகவில்லை, நிலையத்துக்கே வந்து சேர்ந்தது. யாரும் உயிரிழக்கவில்லை. அதை நினைக்கும்போது இன்றும் ஒரு பெருமூச்சு வருகிறது.

ஏன் அந்த இடத்தில்? சாதாரண மேட்டடிவாரத்தில் பாரம் ஒரு நொடி வந்து போய்விடும். சுருள் வளைவில் அது விடாமல் நீடிக்கும். கீழ்நோக்கியும் வெளிநோக்கியும் ஒரே நேரத்தில் அழுத்தும். மரம் மூச்சுவிட நேரமே கிடையாது. ஒரு மரக் கோஸ்டரில் எங்கே முதலில் பழுது வரும் என்று கேட்டால், அனுபவமுள்ளவர் கை நீட்டும் இடங்களில் இதுவும் ஒன்று.

இங்கே ஒரு சின்னத் தகவல். ஒஹையோவில் ராட்டினங்களைச் சோதித்து உரிமம் தருவது மாநில வேளாண்மைத் துறை. ஊர்ச் சந்தைகளிலும் விவசாயக் கண்காட்சிகளிலும் ராட்டினம் போடும் வழக்கத்திலிருந்து வந்த ஏற்பாடு. விபத்துக்குப் பிறகு விசாரித்ததும் அந்தத் துறைதான்.

அப்புறம் நடந்தது சுவாரசியமானது. 2006-07 குளிர்காலத்தில் பார்க் அந்தப் புகழ்பெற்ற லூப்பைக் கழற்றிவிட்டது. விபத்து நடந்தது லூப்பில் அல்ல, பிறகு ஏன் லூப்? லூப் போனால் கனமான ரயில் தேவையில்லை. அந்த வருடம் மூடப்பட்ட மிர்ட்டில் பீச் பெவிலியன் என்ற பார்க்கில் ‘ஹரிக்கேன்: கேட்டகரி 5’ என்ற மரக் கோஸ்டர் இருந்தது. அதன் இலகுவான ரயில்களைக் கொண்டுவந்து இங்கே ஓடவிட்டார்கள். நோயை அவர்கள் சரியாகத்தான் கண்டுபிடித்திருந்தார்கள் என்பது என் எண்ணம். எடையைக் குறைத்தார்கள். ஆனால் 218 அடி உயரம் அப்படியே இருந்தது, அது தரும் வேகமும் இருந்தது. கட்டடத்தையே இடிக்காமல் அதைக் குறைக்க வழியில்லை.

2007 ஜூலை 4 அன்று மறுபடி திறந்தார்கள். இரண்டு வருடம் ஓடியது. 2009 கோடையில், இதில் ஏறிய பிறகு தன் மூளையில் ரத்தக்குழாய் வெடித்ததாக ஒரு பெண் புகார் கொடுத்தார். ஜூன் மாதம் சவாரியை நிறுத்தினார்கள். பிறகு அது ஓடவே இல்லை.

2012 ஜூலை 27 அன்று, இதை அகற்றப்போகிறோம் என்று பார்க் அறிவித்தது. அந்த வருடம் முடிவதற்குள் இடித்துத் தள்ளிவிட்டார்கள்.

வேறு வழி இருந்ததா?

இருந்தது, ஆனால் தாமதமாக வந்தது. டெக்ஸஸின் ஆர்லிங்டனில் ‘டெக்ஸஸ் ஜெயன்ட்’ என்ற மரக் கோஸ்டர் 1990 முதல் ஓடியது. அதுவும் வருடம் ஆக ஆக முரடாகிப்போனது. 2009-ல் அதை மூடி, ஐடஹோவைச் சேர்ந்த ராக்கி மவுன்டன் கன்ஸ்ட்ரக்ஷன் என்ற நிறுவனத்திடம் கொடுத்தார்கள். அவர்கள் மரத் தூண்களைப் பெரும்பாலும் அப்படியே விட்டு, மேலிருந்த மரத் தடத்தை மட்டும் எடுத்துவிட்டு இரும்புத் தடம் பதித்தார்கள். 2011-ல் புதுப் பெயரோடு திறந்தது. குழி விழுவதற்கு மரமே இல்லையே! ஒஹையோவிலேயே சீடர் பாயின்ட் பார்க்கின் ‘மீன் ஸ்ட்ரீக்’ 2016-ல் மூடி, 2018-ல் இதே முறையில் ‘ஸ்டீல் வெஞ்சன்ஸ்’ ஆனது. பழையதைச் சகித்துக்கொண்டவர்கள்கூடப் புதியதற்கு வரிசையில் நின்றார்கள்.

இன்னொரு வழி ஜெர்மனியில் நடந்தது. ஹைடே பார்க்கில் ‘கொலோசஸ்’ 2001-ல் திறந்தது, 60 மீட்டர் உயரம். சன் ஆஃப் பீஸ்ட்டுக்கு ஒரு வயது இளையது, உயரத்தில் கொஞ்சம்தான் குறைவு. ஆனால் அதன் தடத்தைக் களத்தில் பலகை பலகையாக ஆணியடித்துக் கட்டவில்லை. தொழிற்சாலையில் மரத்தை ஒட்டி அழுத்தித் துல்லியமாக வெட்டிக் கொண்டுவந்து பொருத்தினார்கள். இணைப்புகள் சரியாக இருந்தால் முதல் குழி பிறக்கவே நாளாகும். அப்படியிருந்தும் 2016-ல் தடம் தேய்ந்து அதை நிறுத்த வேண்டிவந்தது. முழுத் தடத்தையும் புதிதாக மாற்றி 2019-ல் மறுபடி திறந்தார்கள். அந்தச் செலவைச் செய்ய அந்தப் பார்க் தயாராக இருந்தது.

ஒஹையோவில் அப்படி யாரும் செய்யவில்லை. சன் ஆஃப் பீஸ்ட் நின்ற இடத்தில் 2014-ல் ‘பேன்ஷீ’ வந்தது. கால்கள் காற்றில் தொங்க, தடத்துக்குக் கீழே தொங்கியபடி பாயும் இரும்புக் கோஸ்டர். ஏழு முறை தலைகீழாகும், உடம்பில் ஓர் அதிர்வு தெரியாது. நல்ல சவாரிதான்.

தி பீஸ்ட் இன்னும் காட்டுக்குள் ஓடுகிறது. 2022 பருவத்துக்கு முன்னால், கிராவிட்டி குரூப் என்ற நிறுவனத்தை வைத்து அதன் தடத்தில் சுமார் 2,000 அடியைப் பிரித்துப் புதிதாக மரம் அடுக்கினார்கள். முதல் இறக்கத்தைக்கூட 45 பாகையிலிருந்து 53 பாகையாகச் செங்குத்தாக்கினார்கள். உயரத்தைத் தொடவில்லை.